ஊரார் சோறுண்டு நாடகம் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் எனும் முத்தமிழுள் நாடகத் தமிழைப் பாமர மக்களின் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமக்களுள் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் முதன்மையானவர். எமது வன்னி மண்ணின் ஆலயத் திருவிழாக்களில் விடிய விடிய இசை நாடகம் பார்த்து வளர்ந்த அடியார்கள் பலர் வள்ளி திருமணத்தையும் சத்தியவான் சாவித்திரியையும் பவளக்கொடியையும் அறிவார்கள். அவற்றை எழுதியவர் யாரென்று கேட்டால் சிலருக்கே தெரியும். அன்னாரின் வாழ்வை இம்மலரில் சிறிது நினைவுகூருவது பொருத்தமானதே.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணத்தில் வல்லவர். இராமாயணப் புலவர் என்றே ஊரார் அவரை அழைத்தனர். மகனுக்குத் தமிழைத் தொடக்கி வைத்தவரும் அவரே. பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் கற்றார். சிறிது காலம் உப்பளத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். உப்பு மூட்டையை எண்ணும் வேலையில் கவி மனம் எத்தனை நாளைக்கு நிற்கும்? 24ஆம் வயதில் அதை உதறிவிட்டு நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார்.

அக்கால நாடகக்காரரின் வாழ்வு ஊர் ஊராக அலைவதே. ஓரூரிலே கொட்டகை போடுவார்கள். சனம் வரும்வரை அங்கே நாடகம் நடக்கும்; வரவு குறைந்தால் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். மேடையிலே அரசனாக நின்றவர் விடிந்ததும் யாரோ ஒருவரின் திண்ணையிலே படுத்திருப்பார். கூத்தாடி என்று அவரை இளக்காரமாகப் பேசியதும் ஊர்தான், இலை போட்டுச் சோறு பரிமாறியதும் அதே ஊர்தான். இரண்டையும் சுவாமிகள் கண்டவர்.

ஆரம்பத்தில் அவர் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய பயங்கர வேடங்களையே ஏற்று நடித்தார். ஆஜானுபாகுவான உடல், கணீரென்ற குரல். நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக வந்த ஒருநாள், நாடகம் முடிந்து விடியற்புறத்தில் வேடத்தைக் கழுவுவதற்கு நீர்நிலைக்குப் போனாராம். அங்கே துணி வெளுத்துக் கொண்டிருந்த பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டு அஞ்சி, அவ்விடத்திலேயே உயிர்விட்டாள் என்று சொல்வார்கள். எமன் வேடத்தைக் கண்டு கர்ப்பிணிப் பெண்ணொருத்திக்குக் கருக் கலைந்ததாகவும் ஒரு கதை உண்டு. தனக்குச் சோறிட்ட ஊரிலே தன்னால் ஓர் உயிர் போயிற்றே என்ற வேதனை அவரை விடவில்லை. வேடம் கட்டுவதை அத்துடன் நிறுத்தினார். நாடகம் எழுதுவதும் பிறருக்குப் பயிற்றுவதுமே அவரது தொழிலாயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறை எமக்குண்டு.

பின்னர் ஒருகாலத்தில் நாடகத்தையே விட்டு நீங்கி, காவியுடுத்தித் தலயாத்திரை புறப்பட்டார். முருகப் பெருமானிடம் பேரன்பு கொண்டவர் அவர். திருமணம் செய்யவில்லை. சுவாமிகள் என்ற பெயர் வந்து சேர்ந்ததும் இத்துறவினால்தான். கையிலே காசின்றி நடந்து செல்லும் அடியாரை வழியிலுள்ள ஊரவர் எவ்வாறு நடத்துவர் என்பதை எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை செல்வோர் முல்லைத்தீவு வழியாக வரும்போது, இருக்க இடமும் உண்ண உணவும் கொடுப்பதைப் பெரும் பேறாகக் கருதும் கிராமங்கள் எம்முடையவை.

அந்த யாத்திரையில் அவர் புதுக்கோட்டையை அடைந்தார். அங்கே வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கருநாடக இசைமேடைக்குக் கொண்டுவந்த மேதை. வந்தவரின் புலமையைக் கண்டு அவர் வியந்தார். ஒருவேளைச் சோற்றோடு அனுப்பிவிடவில்லை. தம் இல்லத்திலேயே இருத்தி, மகனாகவே சுவீகரித்துக்கொண்டார். தாளத்தின் நுட்பங்களையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். சுவாமிகளின் பாடல்களிலே சந்தமும் தாளக்கட்டும் அத்தனை செறிவாக அமைந்ததற்கு அந்த வீட்டு வாசமே காரணம் என்பது எமது எண்ணம். மீண்டும் நாடகத்துக்குத் திரும்புமாறு அவரைத் தூண்டியவரும் பிள்ளையவர்களே. அந்த வீடு திறந்திராவிட்டால் ஒரு துறவி கிடைத்திருப்பார்; எமது திருவிழா மேடைகளுக்கு வள்ளி கிடைத்திருப்பாளோ தெரியாது.

திரும்பி வந்த சுவாமிகள் பல குழுக்களுக்கு ஆசிரியராக இருந்து, 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே நிறுவினார். எஸ். ஜி. கிட்டப்பாவும் சகோதரர்களும் அங்கே பயின்றவர்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றினார். ரி. கே. எஸ். சகோதரர்கள் அங்கேதான் உருவானார்கள். அவர்களுள் சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஓரிரவிலேயே, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுடன் எழுதி முடித்தார் என்பது வியப்பிலும் வியப்பு.

அவர் எழுதியவை நாற்பதுக்கும் மேல். சிவனடியாருக்கு அமுது படைக்கப் பெற்ற பிள்ளையையே கொடுத்த சிறுத்தொண்டர் கதையும் அவற்றுள் ஒன்று. இந்நாடகங்கள் எங்கும் ஒரே பாடமாகப் பரவியதால் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஓரூர் இராஜபார்ட், வேறோர் ஊர் ஸ்திரீபார்ட், இன்னோர் ஊர் பபூன் ஆகியோர் முன்பின் ஒத்திகையின்றி, அன்று மாலை சந்தித்து, அன்றிரவே மேடையேற முடிந்தது. ஸ்பெஷல் நாடகம் என்பது அதுவே. தனியாக வந்த நடிகரை ஊர் வீடுகள் விருந்தினராக ஏற்றுக்கொண்டன.

அந்த மரபு கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவும் அவரது வசந்த கான சபாவும் இசை நாடகத்தை ஈழத்தின் ஆலய வீதிகளெங்கும் கொண்டு சென்றதை மூத்தோர் அறிவர். வன்னியில் நாடகக்காரர் வந்திறங்கினால், உபயகாரர் வீட்டில் அன்று அடுப்பு அணையாது. மரக்கறிச் சோறும் எருமைத் தயிரும் இலையில் விழும். விடிந்த பிறகு கோயில் மடத்திலோ பள்ளிக்கூடத்திலோ பாய் விரித்துக் கொடுப்பார்கள். வற்றாப்பளை அம்மனின் கண்ணகி கதையைக் கோவலன் கூத்தாக ஆடிவந்த முள்ளியவளை மக்களுக்கு, சுவாமிகளின் கோவலன் நாடகமும் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. நூறு நூறாகப் பாட்டுக் கட்டிய நாவிலிருந்து பேச்சுப் போயிற்று. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், சொந்த ஊரைவிட்டு வெகுதூரத்திலே, புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அவரது சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் அங்கே சென்று வணங்குவது வழக்கம்.