சங்கமகிராம மாதவர்

மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னருக்குப் போர்த்துக்கீசியர் அரண்மனை எழுப்புவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து மறைந்த கணித அறிஞர் மாதவர். அவரது காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை ஆகும். கொச்சிக்கு வடக்கே உள்ள இரிஞ்ஞாலக்குடாவே அவர் பிறந்த சங்கமகிராமம் என்பர்.

ஒன்றில் மூன்றிலொரு பங்கைக் கழித்து, ஐந்திலொரு பங்கைக் கூட்டி, ஏழிலொரு பங்கைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் சென்றால் கிடைப்பதை விட்டத்தின் நான்கு மடங்கால் பெருக்க, வட்டத்தின் சுற்றளவு வரும் என அவர் கண்டார். முடிவில்லாததை எங்ஙனம் கூட்டி முடிப்பது? நூறு உறுப்புகளைக் கூட்டினாலும் பையின் மதிப்பு 3.13 என்றே நிற்கும். ஆகவே, நிறுத்தும் இடத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்க்கும் வழியையும் வகுத்தார். தொடரைக் கண்டதினும் இதுவே அரிய செயல் எனலாம். 90,000 கோடி அளவு விட்டமுடைய வட்டத்திற்கு அவர் கூறிய சுற்றளவு 28,27,43,33,88,233. இது பையின் மதிப்பைப் பத்துத் தசம இடங்கள் வரை பிழையின்றித் தருகிறது.

இத்தொடரைப் பற்றி அவரே எழுதிய நூல் கிடைக்கவில்லை. அவர் வழிவந்த நீலகண்டர் முதலியோரின் நூல்களும், ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷையுமே அதனைக் காத்தன. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1670-களில் இதே தொடரைக் கண்டார். கேரளத்தின் முந்தைய கண்டுபிடிப்பை விஷ் என்னும் ஆங்கிலேயர் 1834-இல் எடுத்துரைத்தபோதும், அறிஞருலகம் நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை.