மணலில் கணக்குக் கண்ட டார்சி

பிரான்சு நாட்டில் டிஜான் என்று ஓர் ஊர். அந்த ஊர்த் தண்ணீரை ஒரு காலத்தில் வாயில் வைக்க முடியாது. கிணறுகளில் சாக்கடை ஊறிக் கலந்தது.

அந்த ஊரில் 1803-ம் ஆண்டு பிறந்தவர் ஹென்றி டார்சி. அவருக்கு 14 வயதாகும்போது தந்தை இறந்து விட்டார். தாயார் உதவிப் பணம் பெற்று மகனைப் படிக்க வைத்தார். பாரீசில் படித்து என்ஜினீயர் ஆன டார்சி, சொந்த ஊருக்கே வேலைக்கு வந்தார்.

ஊரில் ஆழமாக ஒரு கிணறு தோண்டிப் பார்த்திருந்தார்கள். தண்ணீர் போதவில்லை. டார்சி வேறு வழி கண்டார். 12 கிலோ மீட்டருக்கு அப்பால் ரோசுவார் என்ற ஊற்று இருந்தது. அங்கிருந்து ஊர் வரைக்கும் மூடிய கால்வாய் கட்டினார். பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடி வந்தது. 1840-ல் அது ஊரை எட்டியது. பிறகு தெருத் தெருவாகக் குழாய் வந்தது. 100 மீட்டருக்கு ஒன்று!

இதற்கு உரிய ஊதியத்தை டார்சி வாங்கவில்லை. ஒரு தங்கப் பதக்கத்தை ஏற்றுக் கொண்டார். எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்?

1848-ல் பிரான்சில் புரட்சி நடந்தது. ஆட்சி மாறியதும் டார்சியை ஊரை விட்டு மாற்றினார்கள். பிறகு பாரீசில் பெரிய பதவி கிடைத்தது. ஆனால் உடம்பு கெட்டு விட்டது. 1855-ல் ஆராய்ச்சி செய்ய டிஜானுக்குத் திரும்பினார்.

மணலும் தண்ணீரும்

மணலில் தண்ணீரை வடிகட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு நகரத்துக்கு எவ்வளவு பெரிய மணல் தொட்டி வேண்டும்? அதற்குச் சரியான கணக்கு அப்போது இல்லை.

டிஜான் ஆஸ்பத்திரியில் ஆள் உயரத்துக்கும் மேலான ஓர் இரும்புக் குழாயை நிறுத்தினார்கள். அதில் சோன் ஆற்று மணலைப் போட்டு, மேலே தண்ணீர் விட்டார்கள். கீழே வடிவதை அளந்தார்கள். ஆஸ்பத்திரியில் யாராவது குழாயைத் திறந்தால் போதும், அழுத்தம் ஏறி இறங்கும். அளவு ஆடும். ஆனாலும் பொறுமையாக அளந்தார்கள்.

விடை கிடைத்தது. மணலுக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால், வடியும் தண்ணீரும் இரண்டு மடங்கு. மணல் கனம் இரண்டு மடங்கானால், தண்ணீர் பாதி. தொட்டியின் பரப்பு பெருகினால், தண்ணீரும் அதே அளவில் பெருகும். மணல் பொடியா, பருக்கையா என்பதற்கு ஏற்ப ஒவ்வொரு மணலுக்கும் தனி எண் உண்டு. இவ்வளவுதான் டார்சி விதி!

1856-ல் டிஜான் தண்ணீரைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் இந்த விதி பின்குறிப்பாகத்தான் வந்தது. இன்று நிலத்தடி நீர் எப்படி நகரும், அணைக்கு அடியில் எவ்வளவு கசியும் என்று கணக்கிட என்ஜினீயர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். பாறை எவ்வளவு எளிதாக எண்ணெயைக் கசிய விடும் என்பதை அளக்கும் அலகுக்கே டார்சி என்று பெயர்.

1858 ஜனவரியில் பாரீசில் டார்சி காலமானார். அவருக்கு வயது 54. உடலை டிஜானில் அடக்கம் செய்தார்கள். அங்கே ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.