மறக்கலாகாத மாமேதை சுப்பாராவ்

வானம் பார்த்த பூமியாகிய நம் மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டுகள் பல உண்டு. ஆனால் பாஸ்பரசுக்குப் பஞ்சம் வந்ததில்லை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசும் பழுப்புநிறப் பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். 1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று வந்தனர் என்பதை நாமெல்லாம் அறிவோம். அதே 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னையில் மருத்துவம் படித்த ஓர் இளைஞர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். அவருக்கும் புகழ் தேடித் தந்தது பாஸ்பரஸ்தான். ஆனால் அவர் அதைத் தேடியது தீப்பெட்டியில் அன்று, உயிரணுவில். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் அம்மா எட்டு வயதில், விடியுமுன் ஊருக்குள் வரும் வண்டியில் ஏறி, தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதற் பருவத்தில் வேதியியலில் தவறிவிட்டேன். இரவெல்லாம் படித்தது தேர்வறையில் நினைவுக்கு வரவில்லை. படிப்பு மண்டையில் ஏறாத பெண்ணை வேலைக்கு அனுப்பினால் வாரக் கூலியாவது மிஞ்சும் என்று உறவினர் சிலர் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா பதில் பேசவில்லை. மறுநாள் தேர்வுக் கட்டணத்தைக் கையில் வைத்தார்.

அந்தப் பருவத்தில்தான், செய்முறை வகுப்பில் பாஸ்பரசை அளவிடும் பயிற்சி வந்தது. சோதனைக் குழாயில் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து, ஒடுக்கும் பொருளை ஊற்றினால் நீல நிறம் எழும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. இம்முறைக்குப் பெயர் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. இரண்டாவது பெயர் நம் நாட்டுப் பெயராயிற்றே என்று நூலகத்தில் தேடினேன்.

சுப்பாராவ் 1895 சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சிறு வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினாராம். தாய் வெங்கம்மா விடாமல் பிடித்து வந்து பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். இந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

பின்னர் மாநிலக் கல்லூரி, அடுத்துச் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இதற்கிடையில் சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அறக்கட்டளை ஒன்றின் உதவியும் மாமனாரின் ஆதரவும் கொண்டு அமெரிக்கா சென்றவர், பகலில் ஹார்வர்டில் படித்தார். இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925இல் அந்த நீல நிற முறையை வெளியிட்டார். அதைக் கொண்டு தசையைச் சோதித்தபோது நிறம் உடனே எழாமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவராயிருந்தால் சோதனை பிழைத்தது என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். இவர்கள் காரணம் தேடினார்கள். அமிலத்தில் சிறிது சிறிதாகச் சிதையும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் தசையில் இருப்பது புலனாயிற்று. அதுவே 1927இல் அறிவித்த பாஸ்போகிரியாட்டின். 1929இல் ஏ.டி.பி. என்னும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைத் தனியே கண்டறிந்தார். உயிர்கள் அனைத்தும் ஆற்றலைச் செலவிடும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான்.

தசையில் கண்ட இப்பொருளுக்கும் நினைவுக்கும் என்ன உறவு? இங்கேதான் என் மனக் கவலைக்கு விடை கிடைத்தது.

மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலிலோ ஏறத்தாழ 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். நாம் ஊன்றிக் கற்கும்போது அங்கே கால்சியம் உள்ளே பாய்கிறது. அது, பன்னிரண்டு அலகுகள் கூடிய காம்-கைனேஸ் 2 என்னும் நொதியை எழுப்புகிறது. கைனேஸ் நொதிகளின் தொழில் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிப் புரதங்களில் ஒட்டுவது. காம்-கைனேஸோ தன் பக்கத்து அலகின் மீதும் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அதனால் கால்சியம் வடிந்த பின்னும் சிறிது நேரம் விழித்திருந்து, சினாப்ஸில் செய்தி வாங்கும் புரதங்கள் கூடுவதற்குத் துணைசெய்து, இணைப்பை வலுப்படுத்துகிறது. பாஸ்பட்டேஸ் என்னும் எதிர் நொதிகள் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுகின்றன. ஒட்டுவதும் கழற்றுவதுமாகிய இந்த இழுபறியில்தான் இணைப்புகள் வலுப்பதும் தளர்வதும் பெருமளவு அமைகின்றன. 1998இல் கீசே, சில்வா முதலியோர், அந்த நொதியில் பாஸ்பேட் ஒட்டும் ஓர் இடத்தை மட்டும் மாற்றிய எலிகளைத் தொட்டி நீரில் விட்டுப் பார்த்தனர். நீருக்கடியில் மறைந்திருந்த மேடையின் இடத்தை அவ்வெலிகளால் கற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அப்படியானால் நினைவு என்பது பிறக்கும்போதே அளந்து வைத்த பானையன்று. கற்கும்போதெல்லாம் இணைப்புகள் மாறுகின்றன. தீப்பெட்டிப் பாஸ்பரஸ் நஞ்சுள்ள மருந்துகளோடு கலந்த கலவை. அதை வாயில் வைத்தால் அறிவு வராது, ஆபத்துதான் வரும். ஆனால் அதே தனிமம் ஆக்சிஜனோடு கூடிப் பாஸ்பேட்டாகி நம் தலைக்குள் ஒவ்வொரு கணமும் வேலை செய்கிறது. இதை அறிந்தபின் ஒரே இரவில் படிப்பதை விட்டேன். படித்ததையே இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். தவறிய தாளில் தேறினேன்.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையிலிருந்த குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது மருந்தாயிற்று. இரத்தப் புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டை எதில் கார்பமசின், ஆரியோமைசின் ஆகியவையும் அந்த ஆய்வகத்தின் கொடைகளே. நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை அவர் வழி வந்ததுதான்.

தாய்நாடு திரும்பாமலே 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் நியூயார்க்கில் அவர் மறைந்தார். நோபல் பரிசு வரவில்லை. 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஆனாலும் அவர் பெயர் சொன்னால் அறிவோர் சிலரே. நினைவு உருவாகச் செலவாகும் பொருளைக் கண்டவரை நாமே நினைவில் வைக்கவில்லை.

தோழர்களே, தோழியரே! இவ்வாண்டும் நம்மில் சிலர் ஏதேனும் ஒரு தாளில் தவறியிருப்போம். வீட்டில் பேச்சும் எழுந்திருக்கும். அந்நேரம் இரண்டு முறை தோற்ற அந்தப் பையனையும் அவனை விடாத தாயையும் எண்ணிப் பாருங்கள். நிறம் மெல்ல எழுந்தால் குழாயைக் கழுவிவிடாதீர்கள், காத்திருங்கள். என் அம்மா அப்படித்தான் காத்திருக்கிறார்.