பல் அழுக்கில் ஒளிந்திருந்த கிருமிக் கோட்டை... முதலில் பார்த்தவர் ஒரு துணிக்கடைக்காரர்! யார் இந்த லூவன்ஹூக்?

காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். வழவழன்னு ஒரு படலம் தட்டுப்படும். அது வெறும் அழுக்கு இல்லை. பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கோட்டை. இதன் பெயர் 'பயோஃபிலிம்'.

இதே படலம் சிறுநீர்க் குழாயிலோ, செயற்கை மூட்டிலோ, ஆறாத புண்ணிலோ படிந்தால் ஆன்டிபயாடிக் மருந்துகளே திணறிப் போகின்றன. இந்தச் சிக்கலை 340 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். அவர் டாக்டர் இல்லை, துணி வியாபாரி!

யார் இவர்?

ஆன்டனி வான் லூவன்ஹூக், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632 அக்டோபர் 24-ல் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். சின்ன வயதிலேயே அவரை இழந்த லூவன்ஹூக், 16 வயதில் ஆம்ஸ்டர்டாமுக்குத் துணி வியாபாரம் கற்கப் போனார். பிறகு ஊர் திரும்பி, சொந்தக் கடை போட்டார். பல்கலைக்கழகம் பக்கமே போனதில்லை. டச்சு தவிர வேறு மொழியும் தெரியாது.

ஆனால் லென்ஸ் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்றும் மிஞ்சியிருக்கும் அவரது லென்ஸ்களில் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

நம்ப மறுத்த லண்டன்

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய, அதைத் தண்ணீரில் ஊறவைத்து லென்ஸில் பார்த்தார். உள்ளே குட்டி உயிர்கள் நீந்தின! 1676-ல் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். முதலில் சந்தேகப்பட்டார்கள். 1677-ல் ராபர்ட் ஹூக் தானே சோதித்து, உண்மைதான் என்று உறுதி செய்தார். 1680-ல் லூவன்ஹூக்கை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள்.

வினிகர் சோதனை

1683-ல் தன் பல்லைச் சுரண்டிப் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி எழுதினார். அதோடு விடவில்லை. வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார். கிருமிகள் உயிரோடுதான் இருந்தன! ஆனால் சுரண்டி எடுத்த அழுக்கை வினிகரில் கலக்கியதும் செத்துப் போயின. வெளியே இருந்தவை மட்டும்தான் சாகின்றன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று சரியாகப் புரிந்துகொண்டார்.

இன்றைய பிரச்னையும் இதேதான். மருந்து இருக்கிறது, உள்ளே போகத்தான் வழி இல்லை.

நானோ எண்ணெய் என்ன செய்யும்?

கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால் ஆகியவை பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கக் கூடியவை. ஆனால் இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரையாது, சீக்கிரம் ஆவியாகிவிடும். அதனால் பாக்டீரியாவை விடப் பல மடங்கு சிறிய நானோ துகள்களுக்குள் அடைத்து, படலத்தின் இடுக்குகள் வழியாக உள்ளே அனுப்பப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகச் சோதனைகள்தான். அதனால் டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, புண்ணில் கிராம்பு எண்ணெய் தடவும் வேலை வேண்டாம்!

கடைசி வரை ஆராய்ச்சி

தன் நோயைப் பற்றிக்கூட ராயல் சொசைட்டிக்கு எழுதிய லூவன்ஹூக், 1723 ஆகஸ்ட் 26-ல் 90 வயதில் காலமானார். அவர் விருப்பப்படியே 26 வெள்ளி நுண்ணோக்கிகளை மகள் மரியா லண்டனுக்கு அனுப்பி வைத்தார். கோட்டைக்குள் நுழைவது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.