வடலூர் வள்ளலாரும் உடலோம்பும் முறையும்

உலகிற் பிறந்த மக்கள் யாவரும் நோயின்றி நெடுநாள் வாழவே விழைவர். ஆயின், அவ்விழைவிற்கேற்ற ஒழுக்கத்தை நாடோறும் கைக்கொள்வோர் மிகச் சிலரே. நோய் வந்த பின்னர் மருந்தை நாடி ஓடுவோர் பலர். அஃது வருமுன்னரே காலையில் எழுவது தொடங்கி இரவில் துயில்வது ஈறாக உடலைக் கருத்தோடு நடத்துவோர் அரியர். இனி, மற்றொரு சாரார் தம் உடலைப் பேணுதலே வாழ்வின் பயனென மயங்கி, அண்டை வீட்டான் பசித்திருத்தலை மறந்துவிடுகின்றனர். இவ்விரு குறைகளும் இன்றி, தன்னுடலை ஓம்புதலும் பிறர் பசியைத் தீர்த்தலும் ஓர் அறத்தின் இரு கூறுகளே எனக் கண்டு வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவர் நம் நடுநாட்டிலே தோன்றினார். அவரே வள்ளலார் என வழங்கப்பெறும் வடலூர் இராமலிங்க அடிகள்.

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்குக் கிழக்கே கம்மாபுரம் என்னும் ஊர் உளது. அதற்கும் கிழக்கே, ஒரு பகல் நடையில் எட்டும் தொலைவில் வடலூர் அமைந்துளது. இப்பக்கத்து வாய்க்காற் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் கரிசலாங்கண்ணி தானே முளைத்து வெண்ணிறச் சிறு பூக்கள் பூத்து நிற்கும். வேலிகளில் தூதுளையும் முசுமுசுக்கையும் படர்ந்து கிடக்கும். கால்நடைகள் மிதித்துச் செல்லும் புல்பூண்டுகள் என எண்ணி நாம் அவற்றைக் கடந்து போகின்றோம். அடிகளோ அவற்றையே நாள்தோறும் கொள்ளத்தக்க நன்மருந்தாகத் தேர்ந்து தம் ஒழுக்க நூலில் அமைத்து வைத்தார். அவ்வொழுக்கத்தின் பெருமையை அறிதற்கு அவர்தம் வரலாற்றை ஒருவாறு அறிதல் இன்றியமையாதது.

பிறப்பும் இளமையும்: அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். தந்தையார் ஊர்க் கணக்கு வேலை பார்த்தவர். குழவிப் பருவத்திலேயே தந்தையை இழந்த இவரையும் ஏனைய மக்களையும் அழைத்துக்கொண்டு, அன்னையார் முதலிற் பொன்னேரிப் பக்கத்திற்கும் பின்னர்ச் சென்னைக்கும் சென்று வாழ்ந்தனர். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். இளைய பிள்ளைக்கோ பள்ளிப் படிப்பிற் பற்றுச் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே பள்ளியாயிற்று. இளமையிலேயே பாடும் ஆற்றல் பெற்ற அவர், 1851-இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறை கண்ட வாசகத்தை இயற்றினார். 1850-இல் தமக்கையார் மகளை மணந்தாரேனும் இல்லறத்தில் அவர் உள்ளம் தோயவில்லை.

கருங்குழி வாழ்க்கை: 1858-இல் சென்னையை நீத்த அடிகள், தில்லையை வழிபட்டுப் பின்னர் வடலூரை அடுத்த கருங்குழியில் ஓர் அன்பர் இல்லத்தில் ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் தங்கினார். நகரத்துப் புலவராயிருந்தவர் நாட்டுப்புறத்து ஏழை மக்களின் நடுவே வாழலானார். மூலிகைகளின் குணங்களை நுணுகி ஆராய்ந்து நூற்றுக்கணக்கான பச்சிலைகளின் இயல்பை அட்டவணையாகக் குறித்து வைத்தார். பிணியுற்று வந்தோர்க்கு மருந்து கூறினார். சென்னையிலிருந்த அன்பர்களுக்கு அவர் வரைந்த திருமுகங்களிலும் உடம்பைக் கருதிப் பேணுமாறு அன்புடன் அறிவுறுத்தியிருத்தலைக் காணலாம். துறவு பூண்டோர் பலர் உடலைப் புழுக்கூடென இகழ்ந்திருக்க, இவரோ அருளைப் பெறுதற்குரிய கருவி இவ்வுடலே யாதலின் அதனைக் கெடாது காத்தல் கடமையெனக் கொண்டார். சாவாத பெருவாழ்வை மனிதன் அடையலாகும் என்பதே அவர்தம் உறுதியான கொள்கை.

பசிப்பிணி மருத்துவம்: உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என எழுவகையாகப் பகுத்த அடிகள், அவற்றுள் பசியையே தலையாயதாகக் கருதினார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், பசியால் உடலும் அறிவும் படிப்படியாகத் தளர்வதையும், உணவு கிடைத்த அளவில் அவை மீண்டும் தளிர்ப்பதையும், நோயாளியின் படுக்கையருகே இருந்து கண்ட மருத்துவரைப்போல் விளக்குகின்றார். எழுதியதோடு அமையாது, வடலூர் மக்கள் மனமுவந்து அளித்த ஏறக்குறைய 80 காணி நிலத்தில், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. சாதி சமயம் வினவாது சோறு வழங்கப்பெறுகின்றது. அச்சாலையின் கிளைகளாக வைத்தியசாலை முதலிய பிற சாலைகளையும் அவர் கருதியிருந்தனர். உணவையும் மருந்தையும் ஒரு கூரையின்கீழ் வைத்தெண்ணிய அவ்வெண்ணம் போற்றத்தக்கது.

நாள் ஒழுக்கம்: அடிகள் உடலோம்பும் நெறியை நித்திய கரும விதி என்னும் பெயரால், பொதுவிதி, சிறப்புவிதி என இரு வகையாக வகுத்தனர். கதிரவன் தோன்றுமுன் துயிலெழ வேண்டும். சிறிது நேரம் அமர்ந்து இறைவனை எண்ண வேண்டும். வீட்டிற்குள்ளேயே சற்று உலாவிப் பின் காலைக்கடன்களை முடித்தல் வேண்டும். வேலங்குச்சியாலேனும் ஆலம் விழுதாலேனும் பல்லைத் துலக்கி, அதன்மேற் கரிசலாங்கண்ணிப் பொடியால் தேய்க்க வேண்டும். பின்னர், கரிசலாங்கண்ணி மிகுதியாகவும், தூதுளை, முசுமுசுக்கை, சீரகம் என்பன குறைவாகவும் சேர்ந்த சூரணத்தைப் பசுவின் பாலும் நீரும் கலந்ததில் இட்டு, நீர் சுண்டக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் பருகல் வேண்டும். உழைப்பும் வேண்டும், ஆனால் உடல் மெலியுமாறு வெயிலில் நெடும்பொழுது வருந்தலாகாது. குளித்தற்கு உகந்தது இளவெந்நீர். பகலுறக்கம் கூடாது. இரவில் இடப்பக்கமாகவே படுத்தல் நன்று. இவற்றுள் ஒன்றேனும் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. உழவன் மனையிலும் எளிதிற் கிட்டுவனவே யாவும் என்பதை நோக்குக.

உணவு நெறி: பசி தோன்றிய உடனே உண்ண வேண்டும், அதனைத் தடுத்து வைத்தலாகாது. உண்ணும்போது மிக்க விரைவும் தகாது, மிக்க தாமதமும் தகாது. சோறு குழைந்துபோகாமலும் விறைத்து நில்லாமலும் நடுத்தரமாக வெந்திருத்தல் வேண்டும். வயிற்றின் ஆற்றலறிந்து உண்பதோடு, ஒரு கைப்பிடி குறைவாகவே நிறுத்திக்கொள்ளுதல் நலம். உண்டபின் பருகும் நீரும் வெந்நீராக இருத்தல் வேண்டும். கறிகளிற் புளியும் மிளகாயும் உப்பும் குறைய, மிளகும் சீரகமும் மிகச் சேர்க்க வேண்டும். கத்தரி, முருங்கை, அவரை, பீர்க்கு, புடல் முதலிய காய்கள் ஏற்றன. கிழங்குகளிற் கருணை ஒன்றே கொள்ளத்தக்கது. பழைய கறிகள் ஆகா. புலாலுணவை அடிகள் முற்றும் விலக்கினார். அதற்குக் காரணம் உடல்நலம் மட்டுமன்று, உயிரிரக்கமே. ஆயினும், புலாலுண்பவர் பசித்து வந்தால் அவர் பசியையும் தீர்த்தே ஆக வேண்டும் என்றனர். இங்கேதான் அவர்தம் உள்ளத்தின் அகலம் புலனாகின்றது. நெறியில் உறுதி, அயலான்பால் அருள் என்னும் இரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் எளிதன்று.

உள்ளத்தின் நலம்: உடலுக்கு மட்டும் விதி வகுத்து உள்ளத்தை அவர் விட்டிலர். சினம், சோம்பல், பொய், பொறாமை, வன்சொல் ஆகிய இவற்றையும் நலத்தைக் கெடுக்கும் பகைகளின் வரிசையிலேயே வைத்தெண்ணினார். உரக்கப் பேசுதலும், விரைந்தோடி நடத்தலும், வழக்காடுதலும், எதற்கும் அஞ்சி நடுங்குதலும் ஆகாவெனக் கடிந்தார். உண்ணும் மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், மனம் கொதித்துக் கொண்டிருப்பின் அஃது உடலில் ஒட்டாது என்பதை அனுபவத்தில் நாம் அறிவோமன்றோ?

அவர்தம் மேனி: அடிகளின் மாணவரான தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-இல் பிரமஞான சபையாருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், தம் ஆசானின் தோற்றத்தை விரித்துரைத்துள்ளார். நடுத்தர உயரமும், எலும்பு தெரியும் மெலிந்த உடலும், எனினும் நிமிர்ந்து விரைந்து நடக்கும் வலிமையும், ஒளி மிக்க பெரிய கண்களும் உடையவர் அவர் என்பது அதனாற் பெறப்படும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சில பிடி சோறே உண்பார். நோன்பிருக்குங் காலத்திற் சிறிது சர்க்கரை கலந்த வெந்நீரே உணவு. ஊருக்கெல்லாம் வயிறார உணவிட்டவர் தமக்கெனக் கொண்டது இவ்வளவே. ஆனால், பிறர்க்கு வகுத்த விதியில் இக்கடுமையை அவர் புகுத்தவில்லை. பசித்தபோது உண்ணுக என்றே பணித்தார். தமக்குக் கடுமையும் பிறர்க்கு எளிமையும் வகுத்தலே உண்மைத் தலைவர் இயல்பு.

இன்றைய நோக்கு: ஒன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட நெறியை நாம் கண்மூடி ஏற்றலும் தகாது, கண்மூடி இகழ்தலும் தகாது. உப்பைக் குறைக்க என்று அவர் கூறியதை உலக நலவாழ்வு நிறுவனமும் கூறுகின்றது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ளுதல் வேண்டும் என்பது அதன் அளவு. காய்ச்சிய நீரின் நன்மையை இன்று விளக்க வேண்டுவதில்லை. கரிசலாங்கண்ணியில் உள்ள வெடலோலாக்டோன் என்னும் பொருளை ஆய்வாளர் கல்லீரல் நலத்தோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்து வருகின்றனர். மற்று, காலையில் வெற்றிலை பாக்கு மெல்லுமாறு அடிகள் விதித்ததை இன்று நாம் பின்பற்றலாகாது. பாக்கு புற்றுநோயை விளைப்பதெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்துள்ளது. அங்ஙனமே, பழங்களைப் பெரும்பாலும் விலக்கிய அவர் விதிக்கு மாறாக, காயும் கனியுமாக நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ணுக என்பது இக்கால மருத்துவர் துணிபு. கடும்பிணி உற்றபோது பச்சிலையை மட்டும் நம்பி மருத்துவரை நாடாதிருத்தலும் பேதைமையே. நித்திய கரும விதி நோய் வாராது காக்கும் வேலி. வந்த நோயனைத்தையும் வெட்டும் வாளன்று.

இறுதி நாட்கள்: 1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூர்ச் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கப்பெற்றது. அடிகள் அக்காலத்தில் அண்மையிலுள்ள மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் எனத் தாம் பெயரிட்ட மாளிகையில் உறைந்தார். 1874 சனவரி 30-ஆம் நாள் இரவு ஓர் அறையினுட் புகுந்து தாழிட்டுக் கொண்டார். அதன்பின் அவரைக் கண்டார் இலர். 1906-இல் வெளியான தென்னார்க்காட்டு மாவட்ட விவரச் சுவடியிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அவர் மறைந்த இரண்டாண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசியே பிணிகளுள் தலையாயது என்று அவர் கூறியது எத்துணை உண்மையென்பதை அப்பஞ்சம் நாடறியக் காட்டிற்று.

மாணவ நண்பர்களே! தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்தும், காலையில் உண்ணாதோடியும், கண்டவற்றைக் கண்ட நேரத்தில் தின்றும் நம் உடலை நாமே கெடுத்துக் கொள்கின்றோம். பிறிதொரு பக்கம், விலையுயர்ந்த சத்துப்பொடிகளில் நலத்தைத் தேடி அலைகின்றோம். வைகறைத் துயிலெழுதல், வெந்நீர், அளவுணவு, அமைதியான உள்ளம், வரப்பில் முளைத்த ஒரு கீரை ஆகிய இவ்வளவே வடலூர்ப் பெரியார் காட்டிய செல்வம். அவர் நிறுத்தச் சொன்ன அந்த ஒரு கைப்பிடிச் சோற்றை நினைமின்! அது நம் வயிற்றிற்கு நலம். பசித்திருக்கும் மற்றொருவன் இலையை அடையுமாயின் அவனுக்கும் உயிர். உடலோம்பும் கலையின் முடிந்த பொருள் இதுவே யாகும்.