செல்லம்மாள் பாரதி: புதுச்சேரியில் பத்து வருஷம்

பாரதியார் பாட்டு இல்லாம நம்ம கூட்டமைப்புல எந்த விழாவும் நடந்ததில்லை. மகளிர் தினம்னா முண்டாசு கட்டின படம் மேடைக்கு வந்துவிடும். இந்த மலருக்கு ஒரு பெண்ணைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும், வாளெடுத்த ராணிகளை மற்றவர்கள் எழுதட்டும், முறம் எடுத்த ஒருத்தரை நான் எழுதுறேன்னு வாங்கிக்கொண்டேன். அவர்தான் பாரதியின் மனைவி செல்லம்மாள்.

1890-ல் கடையத்தில் பிறந்தவர். 1897-ல் கல்யாணம். பெண்ணுக்கு ஏழு வயசு, மாப்பிள்ளைக்குப் பதினாலு. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. மறு வருஷமே மாப்பிள்ளை காசிக்குப் படிக்கப் போய்விட்டார். பிறகு எட்டயபுரம், சென்னை, பத்திரிகை வேலை என்று நாள் ஓடியது. 1904-ல் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தாள்.

1908-ல்தான் இடி விழுந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியைத் தாக்கி எழுதியதற்காக 'இந்தியா' பத்திரிகை மேல் வழக்கு வந்தது. பாரதி சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சுக்காரர் ஊர். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது. ஆனால் எல்லை தாண்டி ஒரு அடி வைத்தால் பிடிப்பார்கள். அதே வருஷம்தான் இளைய மகள் சகுந்தலா பிறந்தாள். பிறகு செல்லம்மாளும் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார்.

கொஞ்ச நாள் பத்திரிகை அங்கிருந்தே வந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் தன் எல்லைக்குள் அதை விடவில்லை. வெளியூர் சந்தாவை நம்பி நடந்த பத்திரிகை, 1910-ல் நின்றுபோனது. வருமானமும் அதோடு போச்சு. வீட்டு வாசலில் வேவுக்காரர்கள் நின்றார்கள். வருகிற கடிதம், மணியார்டர் மேலெல்லாம் போலீஸ் கண் இருந்தது. இப்படி ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை, பத்து வருஷம். எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்று சொல்ல யாருமில்லை.

அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாப் படுது. வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் ஒருத்தர், நல்ல மனுஷன். வருவார், பாட்டு கேட்பார், வாடகை கேட்காமலே போய்விடுவார். நண்பர்களும் கொடுத்து உதவினார்கள். ஆனால் இன்றைக்கு யாரிடம் கேட்பது, கேட்டால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்ற கணக்கெல்லாம் செல்லம்மாள் தலையில்தான். குழுவில் கடன் கேட்டு எழுந்து நிற்கிற நமக்கு அந்த வேதனை தெரியும்.

குருவிக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்த அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார் அந்த அம்மா. வேறு வேலையாக உள்ளே போய் வருவதற்குள், கணவர் அதை அள்ளி அள்ளி முற்றத்துக் குருவிகளுக்குப் போட்டு சந்தோஷப்படுகிறார். மேடையில் இதைச் சொல்லும்போது பாரதியின் கருணைக்குக் கை தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கேன். அந்த அரிசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் யார் என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. செல்லம்மாளுக்குக் கோபம் வந்தது. வராம எப்படி இருக்கும்? பொறுமையின் சிகரம் என்று அவரைச் சும்மா புகழ எனக்கு மனசில்லை. கோபப்பட்டார், அழுதார், மறுநாளும் எழுந்து அடுப்பு மூட்டினார்.

ஊர் வாயையும் அவர்தான் தாங்கினார். நிவேதிதா அம்மையாரைப் பார்த்து வந்த பிறகு, பெண் சமம் என்பதை வீட்டில் இருந்தே தொடங்கணும்னு பாரதி நினைத்தார். மனைவியோடு சேர்ந்து தெருவில் நடந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பையன் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டார். நல்ல காரியம்தான். ஆனால் சொந்தக்காரர்களின் ஏச்சும் ஒதுக்கலும் முதலில் வந்து விழுவது பெண் மேலேதானே. அந்த வருஷங்களில்தான் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் எழுதப்பட்டன. அதே கூரைக்குக் கீழேதான் அரிசிக்கு அலைச்சலும் நடந்தது.

1918 நவம்பரில் இனி தாங்காது என்று கிளம்பினார்கள். எல்லையைத் தாண்டியதும் கடலூர்ப் பக்கம் பாரதியைக் கைது செய்தார்கள். சில வாரம் சிறை. திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருக்கணும், எழுதுவதைப் போலீஸிடம் காட்டணும் என்று நிபந்தனை போட்டு விட்டார்கள். செல்லம்மாள் பிறந்த ஊரான கடையத்துக்கு வந்தார்கள். பிறந்த ஊரிலும் அக்கிரகாரம் அவர்களைத் தள்ளித்தான் வைத்தது.

தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடணும்னு பாரதி திட்டம் போட்டு, பணம் கடனாகக் கேட்டு எல்லாருக்கும் எழுதினார். பணம் வரவில்லை. 1920-ல் கட்டுப்பாடு நீங்கி சென்னை போனார்கள். 1921 செப்டம்பரில் பாரதி போய்விட்டார். செல்லம்மாளுக்கு அப்போது 31 வயசு. கல்யாணமாகாத இளைய மகளும் கட்டுக் கட்டாகக் காகிதமும் கையில் இருந்தன.

பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை, கையில் காசும் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தை அவர் பரண் மேல் போடவில்லை. சகோதரர் அப்பாதுரை துணையோடு 'பாரதி ஆச்ரமம்' என்று பதிப்பகம் தொடங்கினார். உதவி கேட்டுத் தமிழ்நாட்டாருக்குத் தன் பெயரிலேயே வேண்டுகோள் விட்டார். 1922-ல் சுதேச கீதங்கள் இரண்டு பாகமாக வெளிவந்தது. புதுச்சேரியில் அரிசி கேட்டுப் பழகிய அதே துணிச்சல் இங்கே உதவியிருக்கும்னு எனக்குத் தோணும். ரொம்ப நாள் நடத்த முடியவில்லை. கடனும் குடும்பப் பாரமும் சேர்ந்து, உரிமை பாரதியின் தம்பி விசுவநாதன் கைக்குப் போனது. 1949-ல் அரசாங்கமே அதை வாங்கியது. நம்ம விழாவில் யாரிடமும் கேட்காமல் அந்தப் பாட்டைப் பாட முடிவது இப்படி வந்த வழிதான்.

1941-ல் செல்லம்மாள் சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதி, பாரதியார் சரித்திரம் புத்தகமாக வந்தது. 1951-ல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிப் பேசினார். கவிஞரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை மறைக்கவில்லை, அவர் மேல் வைத்த பெருமையையும் மறைக்கவில்லை. 1955-ல் காலமானார்.

அடுத்த சுற்றுலாவுக்குப் புதுச்சேரி போகலாம்னு பேச்சு அடிபடுது. கடற்கரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிடாதீங்க. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர்கள் குடியிருந்த வீடு ஒன்று நினைவு இல்லமாக இருக்கு. உள்ளே போனால், அந்த அம்மா சமைத்த இடம் எதுன்னு கேட்டுப் பாருங்க.