மணலில் எழுதிப் பழகிய போதகர்

தம் நம்பிக்கையைப் பிறருக்கு அறிவிப்பதும் அதற்குச் சாட்சியாக வாழ்வதும் கிறிஸ்துவர்களின் சமயக் கடமை. அப்படி அறிவிக்கப் புறப்படுபவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

அவர் 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். நோய் அவரை அடிக்கடி வாட்டியது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், தமிழகக் கடற்கரையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்குவும் அவருடைய நண்பர் புளுட்சோவும் கடற்பயணம் செய்து, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

அங்கே அவர் முதலில் மாணவராக ஆனார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பின்னர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நாம் பள்ளியில் மனனம் செய்யும் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் 1708ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்கள் நாகரிகம் அறியாதவர்கள் என்ற எண்ணத்தோடு வந்தவர், அவர்களுடைய நூல்களைப் படித்தபின் அந்த எண்ணம் தவறு என்று தம் நாட்டவருக்கு எழுதினார். இந்த மனமாற்றமே அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

அவருக்கு எதிர்ப்பு சொந்த இனத்தாரிடமிருந்தே வந்தது. ஏழை விதவை ஒருவரின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசியது டேனிய ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. 1708இன் இறுதியில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். நான்கு மாதங்களுக்குப் பின் வெளியே வந்தவர், விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1711இல் முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர, அந்நூல் 1715இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறியது. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார்.

தமிழர்களின் வழிபாட்டை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை வெளிப்படையாகவே கண்டித்தார். ஆயினும், மறுப்பதற்கு முன் அறிய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இந்துக்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிற சமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கல்ல என்ற எண்ணம் கொண்ட அங்கிருந்த பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல்தான் அது சென்னையில் நூலாக வெளிவந்தது. இன்று அக்காலத் தமிழர் சமய வாழ்வை ஆராய்பவர்களுக்கு அது அரிய சான்றாக விளங்குகிறது.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில், சீகன்பால்கு மறைந்தார். முந்திய ஆண்டில் அவரே கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அந்த ஆலயம் தரங்கம்பாடியில் இன்றும் இருக்கிறது.

மாணவர்களே, பல சமயத்தவரோடு ஒரே வகுப்பில் படிப்பவர்கள் நாம். உங்கள் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பரின் நம்பிக்கையைப் பற்றி அவரிடமே கேட்டு அறிந்திருக்கிறீர்களா? கடல் கடந்து வந்த அந்த ஜெர்மானியர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்தார். நமக்கோ அடுத்த நாற்காலிதான் தூரம்.